சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

"சாயந்திரம் வரும்போது நாலு ஃபாஸ்டர் எடுத்துட்டு வரேன். எங்கயும் போயிடாதீங்க" என்று ஆபீசிலிருந்து மனைவி போன் செய்தபோது, கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் இவளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லையோ என்று நெகிழ்ந்துபோனேன். ஓடிப்போய் வறுத்த வேர்க்கடலை வாங்கி வந்தேன். வெங்காயம் நறுக்கினேன். ஃப்ரிட்ஜில் தயிரை ஓரங்கட்டி இடம் பண்ணினேன்.

ஆறரைக்கு வந்தாள். கையில் அட்டைப்பெட்டி. சைஸ் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி 'மீ...ய்' என்றது.

"ஃப்ரிட்ஜை எதுக்குத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"சும்மா. துடைச்சேன்."

உள்ளே ஒரு பழைய டவலில் நாலு பூனைக்குட்டிகள். குட்டி என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. மூஞ்சூறு சைஸ். கண் திறக்கவில்லை. வேளச்சேரிப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த அட்டைகளுக்கு நடுவே கிடந்ததாம். கடைக்காரர் நல்ல மனுஷர். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும், உடனே தூக்கிவிடக் கூடாது என்று காப்பகத்து அம்மா சொன்னதைக் கேட்டு, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்த மூலையைத் தொடாமல் வைத்திருக்கிறார். தாய் வரவில்லை.

இது நடந்தது 2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை.

ஃபாஸ்டர் என்றால், அனாதைக் குட்டிகளை யாராவது நிரந்தரமாகத் தத்து எடுக்கும்வரை தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்த்துத் தருவது. சம்பளம் கிடையாது. தமிழில் ஒரு வார்த்தை தேடிப் பார்த்தேன். 'காக்கா வேலை' என்பதுதான் பொருத்தம். குயில் முட்டையை அடைகாக்கிற காக்காய்க்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எலித்தொல்லை தாங்காமல் ஆளுக்கொரு பூனைக்குட்டி கொடுத்து வளர்க்கச் சொன்ன ராயர் கதை ஞாபகம் இருக்கிறதா? தெனாலிராமன் அதில்கூட வேலை காட்டுவானே! அதுவும் ஒருவகை ஃபாஸ்டர்தான். ஆனால் ராயர் பூனையோடு ஒரு பசுமாடும் சேர்த்துக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பால் பவுடர் டப்பா, பொம்மைக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு பாட்டில், நிறைய அறிவுரை.

"காப்பகம்னு ஒண்ணு இருக்கே, அங்கயே வளர்க்க வேண்டியதுதானே?" என்று நானும்தான் கேட்டேன். போனை மனைவி காப்பகத்து அம்மாவிடமே கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருக்கா பால் குடுக்கணும் சார். ராத்திரியும். எங்ககிட்ட நைட்ல இருக்கிறது ஒரே ஆள்" என்றார் அந்தம்மா. "அதை விடுங்க. பூனைக்கு பேன்லூக்கோபீனியான்னு ஒரு வியாதி. அந்தக் கிருமி வந்துட்டா சோப்புத் தண்ணிக்கெல்லாம் அசையாது. மாசக்கணக்கா தரையிலயே கிடக்கும். இதுகளுக்குத் தடுப்பூசி போடணும்னா ஆறு வாரமாவது ஆகணும். இங்க இருந்தா நாலும் போயிடலாம். உங்க வீட்ல இருந்தா..."

மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஆனா நான்தான் ஏன்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்கதான் வீட்லயே இருக்கீங்களே."

பத்திரிகைகளுக்கு ஃப்ரீலான்ஸாக எழுதுபவனின் வாழ்க்கையில் இந்த வாக்கியம் தினம் ஒருமுறை வரும். கேஸ் சிலிண்டர் வருகிறதா, 'நீங்கதான் வீட்லயே இருக்கீங்களே'. பிளம்பர் வருகிறாரா, அதே. என் எழுத்துப் பணியில் 'ஃப்ரீ' மட்டும்தான் மற்றவர்கள் காதில் விழுகிறது.

*

நான் பி.காம். படித்ததற்கு அன்றுதான் உபயோகம் வந்தது. பெயர் வைத்தேன்.

வாங்குகிறவனை டெபிட் செய், கொடுக்கிறவனை கிரெடிட் செய். முதல் வருஷம் முதல் பாடம். பாட்டிலைப் பார்த்ததும் மற்ற மூன்றையும் மிதித்துக்கொண்டு வந்த வரிப்பூனை, டெபிட். குடித்ததையெல்லாம் என் லுங்கியில் திருப்பிக் கொடுத்த ஆரஞ்சுக்காரன், கிரெடிட். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் சமமாகப் பிரிந்திருந்தவள், பேலன்ஸ்.

அவள் 'அவள்'தான் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் ஒரே உடம்பில் வர ரெண்டு எக்ஸ் வேண்டும். அதனால் மூவர்ணப் பூனை அநேகமாக எப்போதும் பெண்தான். அந்த மரபணு எது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்து 2025-ல்தான் பிரசுரித்தார்கள். ஆபீஸ் கேன்டீனில் எடுத்து விடுங்கள், மதிப்பாகப் பார்ப்பார்கள்.

நாலாவது முழுக் கறுப்பு. கிச்சன் தராசில் வைத்தால் மற்றவர்கள் 140, 150 கிராம் காட்டினார்கள். இது 98. பாட்டிலைக் கவ்வக்கூடத் தெம்பில்லை. கணக்கு டேலி ஆகாதபோது, எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக ஒரு இடத்தில் போட்டு வைப்போம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். அதையே பெயராக வைத்தேன்.

ஒரு நோட்டில் நாலு கலம் போட்டுத் தினம் எடை எழுதினேன். ஒரு நாளைக்கு பத்திலிருந்து பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எங்கேயோ தப்பு. பால் கொடுப்பதிலும் சட்டம் உண்டு. நம் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுக்க வைத்து, தாய்மடியில் குடிக்கிற பாவனையிலேயே கொடுக்க வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் என்று பழமொழி சொல்லி எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். இதுகளுக்குத் திறக்கவே தெரியாது, பாவம்.

குடித்தால் மட்டும் போதுமா? இந்த வயசில் இவற்றுக்குத் தானாக ஒண்ணுக்குப் போக வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாய் இல்லாத இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து மெல்லத் தடவ வேண்டும். ஒரு தடவை இந்த வேலையின் நடுவில் உதவி ஆசிரியர் போன்.

"என்ன சார், ஏதாவது வந்துதா?"

"கிரெடிட்டுக்கு வந்துடுச்சு சார். டெபிட்டுக்கு இன்னும் வரலை."

"அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல கேக்கறேன்" என்று வைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. இரண்டு நாளில் பழைய பாக்கி ஒன்று வந்து சேர்ந்தது.

ஹவுஸ் ஓனர் கீழ்த்தளம். வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து: நாய், பூனை வளர்க்கக் கூடாது. இரண்டாம் நாள் காலை மாடிப்படியில் மடக்கினார்.

"தம்பி, ராத்திரி மேல குழந்தை அழற சத்தம் கேட்டுதே. சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா?"

"ஆமா சார். நாலு பேர்."

மேலே வந்து பார்த்தார். பெட்டியை, என்னை, மறுபடி பெட்டியை. "பதினஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு நாள் ஆகக் கூடாது" என்றார். அரை மணி நேரத்தில் அவர் மனைவி ஒரு டம்ளர் பசும்பாலோடு வந்தார். அதைக் கொடுத்தால் குட்டிகளுக்கு வயிற்றால் போகும், அதிலிருக்கிற சர்க்கரை இவற்றுக்குச் செரிக்காது என்று சொன்னதும், "என்னது, பூனைக்குப் பால் ஆகாதா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பாலில் நான் காபி போட்டுக் குடித்தேன்.

*

நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்த சனிக்கிழமை ராத்திரி. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை.

கண் திறக்காத குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறுதான் அதற்கு ஹீட்டர். சென்னை வெயிலுக்கு ஒரு நன்மை உண்டென்றால் இதுதான், வருஷத்தில் பத்து மாதம் ஊரே இன்குபேட்டர். அந்த ராத்திரி இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஆறினதும் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்று மனைவிக்குக் காய்ச்சல். "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தேன்.

ரெண்டு மணிக்கு மாற்றினேன். பால் கொடுத்தேன். அலாரம் வைக்கும்போதுதான் செல்போன் சார்ஜ் போயிருந்தது தெரிந்தது. சரி, முழித்தே இருக்கலாம், நாலரைக்கு அடுத்தது, அதுவரை சுவரில் சாய்ந்து உட்காரலாம் என்று சாய்ந்தேன்.

கண் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம்.

பாட்டில் சில்லென்று இருந்தது. மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. சஸ்பென்ஸ் அடியில், பத்திரமாக. டெபிட் மட்டும் தனியாகப் பெட்டியின் மறு மூலையில். பால் தேடிப் போயிருப்பான். அவன் சுபாவம் அது. தொட்டால் ஜில்லென்று இருந்தான். வாய் மட்டும் மெதுவாகத் திறந்து மூடியது.

நான் பதறிப்போய் என்ன செய்தேன் தெரியுமா? பசிக்கிறது என்று நினைத்து, பால் கலக்கிக் கொடுத்தேன். செய்யக் கூடாத காரியம். ஜில்லிட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. முதலில் மெல்ல மெல்ல உடம்பைச் சூடேற்ற வேண்டும். மார்போடு அணைத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால்கூடப் போதும். சூடு வந்த பிறகுதான் பால். அந்த அறிவுரைத் தாளில் முதல் வரியே அதுதான். நாலு நாள் நான் தினம் பார்த்த தாள்.

ஏழரை மணிக்கு முடிந்துவிட்டது. 186 கிராம். முந்தின நாள் எழுதியது. நாலு பேரில் அவன்தான் அதிகம்.

மனைவியின் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. காப்பகத்து அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். தூங்கியதை, பால் கொடுத்ததை, எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"சரி" என்றார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம். "மத்த மூணும் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"அதுங்களுக்கு அடுத்த பால் எப்போ?"

"நாலரைக்கே குடுத்திருக்கணும்."

"அப்ப போனை வெச்சுட்டு அதைப் பாருங்க சார்."

வாசலில் ஹவுஸ் ஓனர் நின்றிருந்தார். மனைவி சொல்லியிருக்க வேண்டும். கையில் மண்வெட்டி. "கீழ எல்லாம் தண்ணி நிக்குது தம்பி. வேப்பமரத்தடி மட்டும்தான் மேடு" என்றார். அவரே வெட்டினார். எழுபது வயசு. நான் வாங்க வந்தபோது தரவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் பதினைந்து நாள் கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை.

*

நோட்டில் முதல் கலத்தில் கோடு போட்டு மூடினேன். மற்ற மூன்றும் ஏறின. இரண்டு வாரத்தில் கண் திறந்தன. எல்லாப் பூனைக்குட்டிக்கும் முதலில் கண் நீலம்தான், அசல் நிறம் பிறகுதான் வரும். மூன்றாவது வாரம் பல். நாலாவது வாரம் மணல் தட்டு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தோண்டி, போய், மூடிவிட்டு வந்தார்கள். எங்கள் தெருவில் சில பெரிய மனிதர்களுக்கு இன்னும் வராத பழக்கம். பேலன்ஸ் திரைச்சீலையில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்துவாள். கிரெடிட் என் செருப்பைக் காதலித்தான். சஸ்பென்ஸ் கடைசியில் கண் திறந்து, கடைசியில் நடந்து, கடைசியில் ஓடி, ஜனவரியில் ஒரு நாள் தராசை விட்டுக் குதித்து ஓடிவிட்டது. எடை போட முடியாத அளவுக்கு ஆரோக்கியம்.

ஜனவரிக் கடைசியில் முதல் தடுப்பூசி ஆகி, பெண் பார்க்கும் படலம் தொடங்கியது.

வருகிறவர்களை நான் கேள்வி கேட்பதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மாமனார்கூட என்னை இத்தனை கேட்டதில்லை. சொந்த வீடா, வாடகையா? பால்கனிக்கு வலை அடித்திருக்கிறதா? வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதமா? ஆறு மாதத்துக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்வீர்களா? (ஒரு பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடலாம். ஒன்பதே வாரத்தில் அடுத்த அட்டைப்பெட்டி ரெடி.) வெளியூர் போனால் யார் பார்ப்பது? கிரெடிட்டும் பேலன்ஸும் சேர்ந்து பல்லாவரத்தில் ஒரு டீச்சர் தம்பதி வீட்டுக்குப் போனார்கள். பேலன்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கறுப்பை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், அம்மாதான் பாப்பாங்க." "பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம், இந்த நேரத்துல..." குறுக்கே போனால் அபசகுனம் என்கிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற பூனை யாருக்குக் குறுக்கே போகும்? பிப்ரவரி முழுக்க அது எங்கேயும் போகவில்லை. நான் எழுதும்போது கீபோர்டு மேல் படுத்துக்கொண்டு 'ககககக' என்று தனியாக ஒரு தொடர் எழுதியது. ராத்திரி என் கழுத்தடியில் தூங்கியது. சூடு தேடி.

ஒரு நாள் காப்பகத்துக்குப் போன் செய்தேன். "சஸ்பென்ஸை நாங்களே வெச்சுக்கலாம்னு..."

"தாராளமா" என்றார் அந்தம்மா. "தப்பே இல்ல. பூனைக்கும் நல்லது." பிறகு சாதாரணமாகச் சொன்னார். "முன்னாடி ஃபாஸ்டர் பண்ண ஆறு பேர் இருந்தாங்க சார். ஆளுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு வெச்சுக்கிட்டாங்க. நல்லாத்தான் வளர்க்கறாங்க. இப்ப புதுசா குட்டி வந்து போன் பண்ணா, இடமில்லேம்பாங்க. நிஜம்தானே, இல்லதான்."

அன்று முழுக்க அந்த அம்மா மேல் எனக்குக் கோபமாக இருந்தது.

மார்ச் முதல் ஞாயிறு ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கையில் ஹெல்மெட். சட்டையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி அட்டை. வசூல் பிரிவு. பைக் லோன் கட்டாதவர்களைத் தேடிப் போகிற உத்தியோகம்.

"கறுப்பு. பரவாயில்லையா? சகுனம், அது, இது..." என்று இழுத்தேன். பரவாயில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு நப்பாசை.

"சார், காலைல நான் ஒரு தெருவுல நுழைஞ்சா அவனவன் வீட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கறான். நான் போய் சகுனம் பாக்கறதா?"

பதில் இல்லை என்னிடம். ஒப்பந்தப் படிவத்தை நீட்டினேன். மூன்று பக்கத்தையும் வரி விடாமல் படித்தான். "கஸ்டமர்கிட்ட நாங்க படிக்க விடாமத்தான் சார் கையெழுத்து வாங்குவோம். அதனால நான் எதையும் படிக்காம போடறதில்ல." பால்கனி வலைக்குப் போட்டோ காட்டினான். பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனைக்கு விஷம் என்றேன். தெரியும் என்றான். பகலில் யார் இருப்பார்கள் என்றேன். "அப்பா இருக்காரு சார். ரிட்டயர்டு. அம்மா தவறினதுலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்ல. பூனைகிட்டயாவது..." என்று நிறுத்திக்கொண்டான்.

இன்னும் ஏழு கேள்வி பாக்கி வைத்திருந்தேன். கேட்கவில்லை.

சஸ்பென்ஸ் அவன் ஹெல்மெட்டுக்குள் இறங்கிச் சுருண்டுகொண்டது. மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அது என் பேச்சை அவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. அதை எடுத்துக் கூடைக்குள் மாற்ற அவன் பட்ட பாட்டை நான் உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேர் என்ன சார்?" என்றான். சொன்னேன். சிரித்தான். "எங்க ஆபீஸ்ல இதுல நிறைய கிடக்கு சார்."

ராத்திரி அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஈஸிசேரில் ஒரு பெரியவர், மடியில் கறுப்பாக ஏதோ. பெரியவர் வாய் திறந்திருந்தது. பேசிக்கொண்டிருக்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். தெரியவில்லை.

கணக்கில் மீதி இல்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். ஒன்பது நாள் நன்றாகத் தூங்கினேன். பத்தாம் நாள் சாயந்திரம் மனைவி போன்.

"ரெண்டுதான். ரெண்டும் வெள்ளை. கண்ணு திறக்கல."

"ம்."

"வெந்நீர் போட்டு வைங்க. செல்லுல சார்ஜ் இருக்கா பாருங்க."

"பாத்துட்டேன். நூறு இருக்கு."

"அப்புறம், இந்தத் தடவை பேர் நான் வெக்கறேன். ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்.னு ஏதாவது ஆரம்பிச்சீங்கன்னா..."

கீழே ஹவுஸ் ஓனர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.